வளவு மாட்டின் அசை

கருமாதி முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்து கை கழுவிய பிறகு இரண்டு அண்டாச் சோறு மிஞ்சிக் கிடந்தது.

குண்டடத்துக்குக் கிழக்கே, அந்தச் செம்மண் காட்டில், அவ்வளவு நெல்லஞ்சோறு மிஞ்சி யாரும் பார்த்ததில்லை. கம்பும் சோளமும் விளைகிற பூமி அது. நெல்லஞ்சோறு என்றால் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும்தான். அரிசி கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடிய வருஷம் வேறு. ஆனால் செத்துப்போன ஆறுச்சாமியின் தம்பி ரத்தினசாமி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பங்குதாரர். எங்கிருந்தோ அரிசி பிடித்து, வாடகைக் காரில் மூட்டையாக ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார். "எங்கண்ணனக் கம்பஞ்சோறு போட்டா அனுப்புவாங்க?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மிஞ்சியதைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கூடை கூடையாகக் கொடுத்தனுப்பினார்கள். வடித்த கஞ்சி எல்லார் கட்டுத்தரைக்கும் போனது. ஊர் மாடுகள் அன்றைக்குச் சோறும் கஞ்சியுமாகக் குடித்தன. ஓடைக்கு அந்தப்புறம் பண்ணையாட்கள் குடியிருக்கும் வளவிலிருந்தும் ஆட்கள் சட்டி கொண்டுவந்து தொலைவில் நின்று வாங்கிப்போனார்கள். அவர்கள் வாங்கிய சோற்றை அவர்களே தின்றார்கள். வளவில் சோறு மாட்டுக்கு மிஞ்சவில்லை.

ஆறுச்சாமியின் பெண்டாட்டி ரங்காத்தாள் வெள்ளைச் சேலையைப் போர்த்திக்கொண்டு பின்கட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் பந்திக்குப் போனார்கள். சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை பேசினார்கள். ரத்தினசாமி அழவேயில்லை. பந்தல்காரனிடம் பேசுவதும் காரைத் துடைக்கச் சொல்வதுமாக இருந்தார். பின்வாசல் வழியே அவளுக்குக் கட்டுத்தரை தெரிந்தது. கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கும் எருதுகள் இரண்டும் அங்கே நின்றன. இரண்டும் மயிலை நிறம். நுகத்தில் இடப்பக்கம் பூட்டுகிறதை இடத்தான் என்றும் மற்றதை வலத்தான் என்றும் கூப்பிடுவார்கள்.

கிணற்று மேட்டில் அந்த எருதுகளை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆறுச்சாமி மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பாதி ஏறிய தோல்பறி தண்ணீரோடு தொங்க, இரண்டும் நகராமல் அப்படியே நின்றன. ரங்காத்தாள் ஓடிப் போய்ப் பார்க்கும்போது இடத்தானின் முன்னங்காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தார். அது காலை எடுத்து வைத்திருந்தால் அவர் மேல்தான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

மூன்று நாளாக இடத்தான் சரியாகத் தின்னவில்லை. முன்னால் போட்ட சோளத்தட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பண்ணயத்துக்காரரு போன ஏக்கந்தான் அதுக்கு," என்றார்கள் பெண்கள். பண்ணையாள் நல்லான் மட்டும் வேறு சொன்னான். இருபது வருஷமாக அந்தத் தோட்டத்தில் இருப்பவன். இடத்தானைக் கன்றிலிருந்து வளர்த்ததும், மூக்கணாங்கயிறு போட்டதும், கவலைக்குப் பழக்கியதும் அவன்தான்.

"ஏக்கமெல்லாம் இல்லீங்க ஆத்தா. போன வாரத்து மழையில தட்டுப்போரு நனஞ்சு பூஞ்சை புடிச்சிருக்குதுங்க. வலத்தான் எதைப் போட்டாலும் திங்கும். இது வாசம் பாத்துத் திங்கற மாடுங்க. அந்தப் பக்கத்துப் புதுப்போர்ல உருவிப் போட்டாத் திங்குமுங்க."

ரங்காத்தாள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அதை அவள் நம்ப விரும்பவில்லை. அந்த ஊட்டில் அவருக்காகச் சோறு தண்ணி இறங்காமல் நிற்கிற உயிர் தன்னைத் தவிர ஒன்றாவது இருக்கட்டும் என்று அவள் மனசு பிடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் சாய்ந்து ஆட்கள் கலைந்த பிறகு அவள் எழுந்தாள். அண்டாவிலிருந்து ஒரு கூடைச் சோற்றை அள்ளிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனாள். ஒரு கவளம் எடுத்து இடத்தானின் வாயருகே நீட்டினாள். அது மோந்தது, நாக்கை நீட்டி வளைத்து வாங்கிக்கொண்டது. இரண்டாவது கவளத்துக்குத் தானே கழுத்தை நீட்டியது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடையை அப்படியே முன்னால் வைத்தாள். காலியானதும் இன்னொரு கூடை கொண்டுவந்தாள். அப்புறம் ஒன்று.

எச்சில் இலைகளை அள்ளிக் குழியில் போட்டுவிட்டு வந்த நல்லான் வேலிக்கு வெளியே நின்றபடி பார்த்தான்.

"ஆத்தா, போதுமுங்க. மாட்டு வயித்துக்கு நெல்லஞ்சோறு ஆகாதுங்க. ஒரு கை, ரெண்டு கை குடுக்கலாமுங்க."

"நமக்கே கெடைக்காத சோறு. அதென்ன ஆகாம போகுது? மூணு நாளாப் பட்டினி கெடக்குது நல்லா. திங்கட்டும் உடு."

அவள் எருதின் கழுத்துத் தொங்கலைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பதினோரு நாளில் அப்போதுதான் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. உள்ளே வந்து அவளும் ஒரு வாய் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் நல்லான்தான் பார்த்தான். இடத்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. இடப்பக்கத்து வயிறு முட்டி இடுப்பெலும்புக்குச் சரியாக ஏறியிருந்தது. பின்னால் சாம்பல் நிறத்தில் தண்ணீராகக் கழிந்திருந்தது. புளித்த மாவு நாற்றம் கட்டுத்தரை முழுக்க அடித்தது. அவன் அதன் வாயைப் பார்த்தான். தாடை அசையவில்லை.

"அசை போடறதில்லீங்க," என்றான். அப்படியே மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினான்.

டாக்டர் தண்டாயுதபாணி பதினொரு மணி வாக்கில் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முப்பது வயசுகூட இருக்காது. திருப்பூரில் தறி நெய்கிற குடும்பத்துப் பையன்; வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டிகூட வளர்த்தது கிடையாது என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம். அன்றைக்குச் சிரிக்கவில்லை. முஷ்டியை மடக்கி வயிற்றில் அமுக்கினார். காதை வைத்துக் கேட்டார். குளத்தில் கல் போட்டது மாதிரி உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம்தான் வந்தது.

"என்ன குடுத்தீங்க?"

கதவோரம் நின்ற ரங்காத்தாள்தான் சொன்னாள். "சோறுங்க. நாந்தான் குடுத்தனுங்க. மூணு கூடைங்க."

அவர் அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார். மாடு தின்கிற தட்டையும் புல்லையும் மாடு மட்டும் செரிப்பதில்லை. அதன் பெரிய வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடி கோடியாக இருக்கின்றன; அவைதான் தட்டை உடைத்துச் சத்தாக்கித் தருகின்றன. வயிறு நிறையச் சோறு விழுந்தால் அது ஒரே ராத்திரியில் புளித்துப் போகிறது. அந்தப் புளிப்பில் அத்தனை உயிரும் செத்துவிடுகின்றன. வயிறு நின்றுவிடுகிறது.

"சோடா உப்புக் கரைச்சு ஊத்தறனுங்க. புளிப்பு கொஞ்சம் தணியும். ஆனா அந்த உயிரெல்லாம் மறுபடியும் உள்ள போகணுமுங்க. அதுக்கு மருந்து என் பையில இல்லீங்க. நல்லா இருக்கற இன்னொரு மாடு அசை போடறப்ப, அதோட வாயிலிருந்து அந்த அசையை வழிச்சு எடுத்து, தண்ணியில கரைச்சு இதும் வாயில ஊத்தணும். பொழுது சாயறதுக்குள்ள நாலஞ்சு தடவை ஊத்துனாப் பிழைக்க வழியிருக்குதுங்க."

"அதுக்கென்னங்க, வலத்தான் நிக்குதே," என்றார் ரத்தினசாமி. அன்றைக்குத்தான் திருப்பூருக்குக் கிளம்புவதாக இருந்தவர்.

"அதும் நேத்துக் கஞ்சி குடிச்சிருக்குதுங்க. பக்கத்துத் தோட்டத்து மாடுகளும் அப்படித்தான்னு சொல்றாங்க. சாகற அளவுக்கு இல்லீன்னாலும் அதுக வயிறும் இன்னிக்குப் புளிச்சுத்தான் கெடக்கும். வெறும் தட்டு தின்ன மாடு வேணுமுங்க."

எல்லாரும் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே நல்லான் போய்விட்டான். திரும்பி வந்தபோது கையில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் அவனுடைய மாடு. கறுப்பு நாட்டு மாடு, ஒரு கொம்பு கீழே வளைந்திருக்கும், சினையாக இருந்தது. வாசலை அடைக்கும் மூங்கில் தடுக்குக்கு வெளியே நிறுத்தினான்.

"இது தட்டும் ஓடக்கரைப் புல்லுந்தானுங்க தின்னுச்சு," என்றான். "நேத்துச் சோறு ஒரு பருக்கை போடலீங்க."

டாக்டரின் முகம் தெளிந்தது. மாட்டின் அருகே போய்ப் பார்த்தார். அது சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. "இது போதுமுங்க. உள்ள கொண்டாப்பா."

நல்லான் நகரவில்லை. ரத்தினசாமியைப் பார்த்தான்.

ரத்தினசாமி செருமிக்கொண்டார். "டாக்டருங்க, வேற மாடு பாக்கலாமுங்க."

"ஏனுங்க? இது நல்ல மாடுங்க."

"மாடு நல்ல மாடுதானுங்க. வளவு மாடுங்க அது. அதும் எச்சிலை எங்கண்ணன் மாட்டு வாயில ஊத்தறதுங்களா? வருஷா வருஷம் கோயில் சப்பரம் இழுக்கற எருதுங்க. நாளைக்கு ஊருல நாலு பேரு கேட்டா என்னங்க சொல்றது?"

"மாட்டுக்கு மாட்டோட எச்சிலுங்க. அதுக்கு எந்த வளவுன்னு தெரியாதுங்க."

"மாட்டுக்குத் தெரியாதுங்க. ஊருக்குத் தெரியுமுங்க. ஊத்துக்குளிக்குப் பக்கத்துல என்ற மாமனார் ஊட்டுல கட்டுத்தரை நெறைய மாடு இருக்குது. ஆளை அனுப்பி ஓட்டியாரச் சொல்றனுங்க."

"அது வந்து சேர விடிஞ்சு போகுமுங்க. இதுக்கு அவ்வளவு நேரம் இல்லீங்க."

டாக்டர் கதவோரம் திரும்பினார். "அம்மா, மாடு உங்களுதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ரங்காத்தாள் தடுக்குக்கு அந்தப்புறம் நின்ற கறுப்பு மாட்டைப் பார்த்தாள். ஒரு உருண்டை அதன் தொண்டையில் ஏறி வாய்க்கு வருவது தெரிந்தது. தாடை ஒரு பக்கமாகச் சுழன்றது. உதட்டோரம் பச்சை நுரை கட்டியிருந்தது. வேண்டிய அத்தனையும் அந்த வாயில் இருந்தது. பத்தடி தூரம். நல்லான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

சரி என்று சொல்ல வாய் வந்தது. தாலி அறுத்துப் பன்னிரண்டு நாள் ஆன பொம்பளை, சபையில் கொழுந்தனாரை மீறிப் பேசினாள் என்று ஆகும். நாளைக்கு இந்தப் பூமியை யார் பார்ப்பது, தன்னை யார் பார்ப்பது என்பதெல்லாம் ஒரு கணத்தில் வந்து முன்னால் நின்றன. குழந்தை குட்டி இல்லாதவள் அவள்.

"கொழுந்தனாரு சொல்றபடி செய்யுங்க," என்றாள்.

டாக்டர் பையைத் திறந்தார். ஊசிக்குழாயால் வயிற்றில் குத்திக் காற்றை இறக்கினார். மூங்கில் குழாயில் சோடா உப்புத் தண்ணீரை ஊற்றினார். இன்னும் இரண்டு முறை ஊற்றச் சொல்லிப் பொட்டலம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். தடுக்கைத் தாண்டும்போது நல்லானிடம் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

நல்லான் போகவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த வெயிலில் வேப்பமரத்து நிழல்கூட எட்டாத இடத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மனசு மாறி யாராவது கூப்பிட்டால் மாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. ஒருமுறை அவன் பெண்டாட்டி வந்து, சினை மாட்டைத் தண்ணி காட்டாமல் நிறுத்தியிருக்கிறாயே என்று சத்தம் போட்டாள். ஒரு சட்டித் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றான். ரங்காத்தாள் சன்னல் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். பொழுது இறங்கும் வரைக்கும் அந்தக் கறுப்பு மாடு அசை போட்டபடி இருந்தது. இருட்டுக் கட்டும்போது நல்லான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடையைப் பார்க்க நடந்தான்.

இடத்தான் விடிந்து சற்று நேரத்தில் செத்தது. தலையை வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்தபடி படுத்திருந்தது. பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு, பிறகு அதுவும் நின்றது. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு ஊத்துக்குளி மாட்டை ஓட்டிக்கொண்டு ஆள் வந்தான். கால்நடையாகவே வந்த களைப்பில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டை எங்கே கட்டட்டுமுங்க என்று கேட்டான்.

செத்த மாட்டை எடுப்பது வளவு ஆட்களின் வேலை. நல்லான் மூன்று பேரோடு மூங்கில் கொண்டு வந்தான். இத்தனை வருஷம் கட்டுத்தரைக்குள் சாணி அள்ள வருவது மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து எருதின் கண்ணில் மொய்த்த ஈயை விரட்டினான். அப்புறம் அந்தத் துண்டையே அதன் முகத்தின் மேல் போட்டுவிட்டுக் காலைக் கட்டத் தொடங்கினான். அழுத மாதிரி தெரியவில்லை. ஆனால் முடிச்சுப் போட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

மூன்றாம் நாள் ரங்காத்தாள் யாரிடமும் சொல்லாமல் ஓடைக்கரைக்குப் போனாள். அதற்கு அப்பால் அவள் போனதில்லை, அன்றைக்கும் போகவில்லை. அந்தக் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த நல்லான் அவளைப் பார்த்துவிட்டு அரிவாளைக் கீழே வைத்தான்.

"அறுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"அறுத்தமுங்க."

"வயித்துல என்ன கெடந்துச்சு?"

அவன் கால் பெருவிரலால் மணலைக் கீறினான். "தட்டுதானுங்க ஆத்தா. பூஞ்சைத் தட்டு. அதுதானுங்க கேடு பண்ணிருச்சு. நாந்தான் போரைப் பாத்துப் போட்டிருக்கோணுமுங்க."

மூன்று நாள் தட்டையே தொடாத மாட்டின் வயிற்றில் தட்டு எங்கிருந்து வரும்? அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அன்றைக்கு உன் மாட்டை உள்ளே விடச் சொல்லியிருக்க வேண்டும் நல்லா, நான்தான் சொல்லவில்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். தொண்டையில் ஏறி வந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது.

"உம் மாடு நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்குதுங்க. மாசம் ரெண்டு ஆகும் கன்னு போட." கொஞ்சம் தயங்கினான். "ஆத்தா, அந்தப் புதுப்போருல நாலு கத்தை தட்டுக் கெடைச்சாத் தேவலீங்க. புல்லு காஞ்சுபோச்சுங்க."

"போரை முச்சூடும் எடுத்துக்க," என்றாள். "கொழுந்தனாரு கேட்டா நான் சொல்லிக்கறேன்."

ரத்தினசாமி கேட்டார். அவளும் சொன்னாள். "குடுத்துட்டனுங்க." அவ்வளவுதான். அவரும் மேலே ஒன்றும் பேசவில்லை. இதற்குக் கொழுந்தனாரை மீற ஒரு மூச்சுக்கூடப் பிடிக்கவில்லையே என்று அன்று பூராவும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒற்றை எருதை வைத்துக் கவலை இறைக்க முடியாது. வேறு எருதோடு பூட்டிப் பார்த்தார்கள். வலத்தான் நுகத்துக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை, நின்ற இடத்தில் படுத்துக்கொண்டது. சந்தைக்கு ஓட்டிப்போனார்கள். கிணற்றில் தண்ணீர் கிடந்தும் சோளம் கதிர் வெளிவராமல் பொதியிலேயே கருகியது. "நங்கையா, தனியா இருந்து என்னங்க பண்ணப் போறீங்க?" என்று அண்ணன் பெண்டாட்டியைக் காரில் ஏற்றித் திருப்பூருக்குக் கூட்டிப்போனார் ரத்தினசாமி. பூமியைக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரர் கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்தார். நல்லானுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

திருப்பூரில் ரங்காத்தாளை யாரும் குறைவாக நடத்தவில்லை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவளே கம்பெனிக்குப் போய், தைத்து வந்த பனியன்களில் பிசிறு வெட்டும் பெண்களோடு உட்கார்ந்தாள். முதலாளியின் நங்கையாள் என்பதால் அந்தப் பெண்கள் அவள் முன்னால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவளுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

வருஷம் திரும்பித் திதி கொடுக்கப் போனபோது ஓடைக்கரையில் நின்று, அந்த வழியே போன ஒரு பெண்ணிடம் நல்லானை விசாரித்தாள். அவனும் குடும்பத்தோடு திருப்பூருக்கே போய்விட்டான், ஆற்றோரம் ஏதோ சலவைப் பட்டறையில் துணி அலசுகிறானாம் என்று அவள் சொன்னாள். மாடு? மாட்டையும் கன்றையும் விற்றுத்தான் போனார்களாம்.

திரும்பி வந்த வாரமே ரங்காத்தாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நொய்யல் கரைக்கு நடந்தாள். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று போனாள். வரிசையாகப் பட்டறைகள். தொட்டி தொட்டியாக வெளுப்புத் தண்ணீர். மூக்கை அரிக்கும் நெடி. இடுப்பளவு நீரில் நின்று ஆட்கள் துணியை அலசினார்கள். எல்லார் கையும் காலும் ஒரே மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன. முதல் பட்டறையில் இல்லை என்றார்கள். இரண்டாவதில் நல்லான் என்று ஒருவன் எழுந்து வந்தான்; அது வேறு ஆள். மூன்றாவதில் மேஸ்திரி அவளுடைய சேலையைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றார்.

"நல்லான்னு நாலு பேரு இருக்கறாங்கம்மா. ஷிப்டு மாத்தி மாத்தி வருவாங்க. அப்பன் பேரென்னன்னு சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்."

ரங்காத்தாள் வாயைத் திறந்தாள். அப்பன் பேர் தெரியவில்லை. பெண்டாட்டி பேர் தெரியவில்லை. பிள்ளைகள் எத்தனை என்றுகூடத் தெரியவில்லை. இருபது வருஷம் தன் வாசலில் நின்றவன்.

"ஆளு எப்படீங்க இருப்பாரு?" என்றார் மேஸ்திரி.

"நல்ல மனுசங்க," என்றாள்.

அவள் இன்னும் ஏதாவது சொல்லுவாள் என்று மேஸ்திரி காத்திருந்தார். தூரத்தில் கம்பெனிச் சங்கு ஊதியது. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அலசிக்கொண்டிருந்த ஆட்களின் குனிந்த முதுகுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்த வழியே நடந்தாள்.